பழைய வீட்டு வேன் வாங்கும் முன்: தண்ணீர் போன வழியே துருவைத் தேடுங்கள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் நல்லேப்பிள்ளிக்காரர்களுக்குப் பழைய வண்டி இரண்டு திசையிலிருந்தும் வரும். கோபாலபுரமோ வேலந்தாவளமோ தாண்டினால் பொள்ளாச்சியும் கோவையும். மேற்கே போனால் பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம். இப்போது அந்தச் சந்தையில் புதிதாக ஒரு சரக்கு சேர்ந்திருக்கிறது: கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்துத் தங்குவதற்கென்று மாற்றிய வேன். கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது 2021 செப்டம்பரில். 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறந்தது. வீட்டோடு ஊர் சுற்றும் ஆசை நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. புதிதாகக் கட்டினால் பெரும் செலவு என்பதால், டிராவலர், விங்கர், மினி பஸ், ஆம்னி வேன் என்று பழையதைத் தேடுகிறோம்.

இந்த வண்டிகளில் எஞ்சினைப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். உடம்பைப் பார்க்கத்தான் ஆள் குறைவு. மேலே பளபளப்பான பெயின்ட், உள்ளே பிளைவுட், கீழே கறுப்புப் பூச்சு. இம்மூன்றுக்கும் நடுவில் இரும்பு அரித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் சேஸ் அறுந்தால் நெல்லியாம்பதி வளைவில் குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு என்ன ஆகும்? முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. வண்டி எந்த ஊரில் நின்றது என்று முதலில் கேளுங்கள்

இரும்புக்கு ஈரமும் காற்றும் போதும், துருப்பிடித்துவிடும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பூமி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நனைந்ததைச் சீக்கிரம் உலர்த்திவிடும். அதனால் கே.எல். 70 (சித்தூர்), டி.என். 41 (பொள்ளாச்சி) பதிவு வண்டிகளுக்கு ஒரு சாதகம் உண்டு. கே.எல். 04 ஆலப்புழை, கே.எல். 07 எர்ணாகுளம், டி.என். 69 தூத்துக்குடி, டி.என். 74 நாகர்கோவில் என்றால் கடல் காற்று பட்ட வண்டியாக இருக்கலாம். கே.எல். 06 இடுக்கி, கே.எல். 68 தேவிகுளம், கே.எல். 69 உடும்பஞ்சோலை என்றால் மாதக்கணக்கில் மழையிலும் மூடுபனியிலும் நனைந்ததாக இருக்கலாம்.

பதிவு எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. பாலக்காட்டில் பதிந்து, பத்து வருடம் கொச்சியில் ஓடிய வண்டிகள் உண்டு. பழைய இன்சூரன்ஸ் தாள்களில் உள்ள முகவரி, சர்வீஸ் பில்லில் உள்ள ஊர், புகைப் பரிசோதனைச் சான்று எடுத்த இடம் இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வண்டி வாழ்ந்த ஊர் தெரிந்துவிடும்.

2. "இதுல என்ன லோடு அடிச்சீங்க?"

வீட்டு வேனாக மாறும் முன் அது என்னவாக இருந்தது என்பதுதான் மிக முக்கியமான கேள்வி. பள்ளி வேன், கல்யாண வேன் என்றால் கவலை குறைவு. மீன் ஏற்றிய வண்டி என்றால் என் யோசனை ஒன்றுதான்: திரும்பி வந்துவிடுங்கள். பனிக்கட்டி உருகிய உப்புநீர் தரையின் எல்லா இடுக்கிலும் இறங்கியிருக்கும். கழுவினாலும் தையல் மடிப்புக்குள் இருக்கும் உப்பு போகாது.

நம் தாலுகாவுக்கென்றே இருக்கும் சரக்குகளையும் நினைவில் வையுங்கள். சித்தூர்த் தோப்புகளில் இறக்கும் கள் வண்டி வண்டியாக மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. புளித்த கள்ளில் அமிலம் உண்டு. கேனிலிருந்து வழிந்து வழிந்து தரைத்தகட்டைத் தின்னும். பால் வண்டியும் அப்படித்தான், சிந்திய பால் புளித்தால் அமிலம். தோட்டத்துக்கு உரம் ஏற்றியதா என்றும் கேளுங்கள். நாம் பொட்டாஷ் என்று வாங்கிப் போடுவது பொட்டாசியம் குளோரைடு. இரும்புக்கு அது கடலுப்புக்குச் சளைத்ததல்ல. மூட்டையிலிருந்து கொட்டிய தூள் தரைப் பலகைக்கு அடியில் தங்கி, ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தை இழுக்கும்.

உரிமையாளருக்கே இது தெரியாமல் இருக்கலாம். அவர் மூன்றாவது கையாக வாங்கியிருப்பார். அப்போது ஆர்.சி.யில் உள்ள பழைய உரிமையாளர் வரிசையைக் கேட்டு, ஒரு போன் செய்து விசாரிப்பதில் தவறே இல்லை.

3. கழுவாமல் வைக்கச் சொல்லுங்கள்

"நாளைக்கு வர்றேனுங்க, வண்டிய வாட்டர் வாஷ் பண்ண வேண்டாம், நிக்கிறபடியே இருக்கட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சேறு ஒட்டிய இடம், நீர் வடிந்த கறை, கதவடியில் செம்பழுப்புக் கோடு எல்லாம் உங்களுக்குச் சாட்சி. இரவில், தெருவிளக்கில், மழைத் தூறலில் வண்டி பார்க்காதீர்கள். நனைந்த பெயின்ட் எல்லாப் பழுதையும் மறைக்கும்.

4. கையில் எடுத்துப் போக வேண்டியவை

நல்ல வெளிச்சமுள்ள டார்ச், கைப்பிடிக் கண்ணாடி ஒன்று, மெல்லிய துணி சுற்றிய காந்தம், சின்ன சுத்தி, தட்டை முனை ஸ்க்ரூடிரைவர், சாக்பீஸ், டேப், தரையில் விரித்துப் படுக்கச் சாக்கு. செல்போனில் இணைக்கும் குழாய்க் கேமரா ஆன்லைனில் கிடைக்கிறது. கண் எட்டாத பெட்டிச் சட்டத்துக்குள் அது போகும். மரத்தின் ஈரம் அளக்கும் சிறு மீட்டர் தச்சுவேலைக்காரர்களிடம் இருக்கும், ஒரு நாள் இரவல் கேளுங்கள். கூட ஓர் ஆள் வரட்டும். முடிந்தால் டிங்கரிங் வேலை தெரிந்தவர். மெக்கானிக் எஞ்சினைக் கேட்பார், டிங்கர் தகட்டைக் கேட்பார்.

5. கூரையிலிருந்து ஆரம்பியுங்கள்

எல்லோரும் முதலில் வண்டிக்கு அடியில் குனிகிறார்கள். வீட்டு வேனுக்கு அது பாதி உண்மைதான். சாதாரண வண்டிக்குத் தண்ணீர் சாலையிலிருந்து வரும். வீட்டு வேனுக்கோ கூரையிலிருந்தும், உள்ளே குடியிருக்கிற மனிதர்களிடமிருந்தும் வரும். ஏணி வைத்து ஏறிப் பாருங்கள்.

ஏ.சி.க்காக வெட்டிய ஓட்டை, சோலார் பலகைக்கு அடித்த ஸ்க்ரூ, லக்கேஜ் கேரியரின் கால், காற்றோட்ட மூடி, டிவி ஒயர் இறங்கும் துளை, எல்லாமே கம்பெனி போட்ட கூரையில் பின்னால் போட்ட ஓட்டைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் சிலிக்கான் பூசியிருப்பார்கள். அதை நகத்தால் நெம்பிப் பாருங்கள். கிழக்குப் பாலக்காட்டின் வெயிலில் மட்டமான சிலிக்கான் காய்ந்து, ஓரம் தூக்கி, முடி நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். உலர்ந்த ஊர் வண்டிக்கு அடிச்சட்டம் நன்றாக இருந்தும் கூரை மோசமாக இருப்பது இதனால்தான். பல அடுக்காகப் பூசியிருந்தால், பலமுறை ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் நுழைந்த இடத்துக்கு நேர் கீழேயே துரு இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது கூரைக் கம்பியில் ஓடி, மூலைத் தூணில் இறங்கி, தரையோரத்தில் தேங்கி, அங்கேதான் அரிக்கும். கூரையில் ஒழுகல் கண்டால் அந்தப் பக்கத்துத் தூணின் அடியை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

6. முன் கண்ணாடியின் கீழ் மூலைகள்

ரப்பர் பீடிங்கை விரலால் லேசாகத் தூக்குங்கள். அடியில் செம்பொடி உதிர்ந்தால் கண்ணாடிச் சட்டம் அரிக்கிறது. பக்கத்துச் சறுக்குக் கண்ணாடிகளின் கீழ்ப் பள்ளத்தில் வடிதுளை இருக்கும். தூசியடைத்து, உள்பக்கம் வழிந்து, பக்கச்சுவருக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

7. உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பயன்படுத்துங்கள்

கதவு சன்னல்களை ஒரு மணி நேரம் அடைத்து வைத்துவிட்டு, திறந்தவுடன் தலையை உள்ளே விடுங்கள். பூஞ்சை நாற்றம் வந்தால் எங்கோ ஈரம் தங்கியிருக்கிறது. ஊதுவத்தி, வாசனைத் திரவம் அதிகமாக மணந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பிறகு சுவர்ப்பலகையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். மெத்தென்று உள்ளே போகும் இடம், மைக்கா எழும்பிய இடம், ஆணித்தலையைச் சுற்றிக் கறுப்பு வளையம் உள்ள இடம், மூன்றும் சந்தேகத்துக்குரியவை. ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்தப் பலகைக்குப் பின்னால் உள்ள தகடும் நனைந்தபடிதான் இருக்கும்.

ஒழுகலே இல்லாத வண்டியிலும் இது நடக்கும். மூணாறு, வாகமண் போன்ற குளிர்ந்த இடத்தில் இரவு நான்கு பேர் மூடிய வேனில் தூங்கினால், மூச்சின் ஆவி குளிர்ந்த தகட்டின் உட்புறத்தில் நீராகப் படியும். உள்ளே அடுப்பு வேறு எரிகிறது. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது பலகை இடுக்கு வழியே போய், தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே அடைத்த கண்ணாடிப் பஞ்சில் ஊறும். பஞ்சு உலராது. மழைநீர் ஒரு மூலையைத்தான் அரிக்கும். இதுவோ சுவர் முழுவதையும் உட்புறமிருந்து அரிக்கும். வெளிப் பெயின்டில் கடுகளவு கொப்புளங்கள் பரவலாகத் தெரிந்தால், முக்கால்வாசி உள்ளேயிருந்து வந்த துருதான்.

அலமாரியின் பின்பலகை ஒன்றையும், சுவிட்ச் பெட்டியையும் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நாலு ஸ்க்ரூதான். கழற்றவே விட மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

8. டேங்கும் தொட்டியும்

100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அந்த எடையை எந்தச் சட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள், அந்தச் சட்டத்தின் போல்ட் துளை நீண்டு போயிருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகுழாய் எங்கே போய் விழுகிறது? சேஸ் மேல் விழுந்தால் சோப்பும் உப்பும் புளியும் கலந்த நீர் தினமும் அங்கே அபிஷேகமாகியிருக்கும். ஏ.சி. நீர்க் குழாய், கழிப்பறைத் தொட்டியின் மூடி, பிரிட்ஜின் அடி, எல்லாவற்றுக்கும் இதே கேள்வி.

பேட்டரிப் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். அமிலம் சிந்தி அதன் தட்டு பொடியாகியிருப்பது சாதாரணம். அதோடு நின்றிருந்தால் மாற்றிவிடலாம். பக்கத்துச் சட்டத்துக்குப் பரவியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். காஸ் சிலிண்டர் வைக்கும் அறையின் தரையும் அப்படித்தான்; அங்கே கசிந்த காஸ் கீழே வெளியேற ஒரு துளை கட்டாயம் இருக்க வேண்டும்.

9. தரை

மேட்டைச் சுருட்டச் சொல்லுங்கள். கதவுப் படி, சக்கரத்தின் மேல் வளைவு, ஓட்டுநர் காலடி, கழிப்பறை ஓரம் இந்நான்கும் போதும். குதிகாலால் மிதியுங்கள். சீட்டுக் கால்களும் சீட் பெல்ட்டும் மாட்டிய போல்ட்டைச் சுற்றித் தகடு திடமாக இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். மோதலில் மனிதரைப் பிடித்து வைப்பது அந்தக் கையகலத் தகடுதான்.

10. இனி அடிப்பக்கம்: வாட்டர் சர்வீஸ் லிஃப்டில் ஏற்றுங்கள்

சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ பொள்ளாச்சியிலோ லிஃப்ட் உள்ள சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், கட்டணத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். கழுவ வேண்டாம், தூக்கினால் போதும்.

சேஸைச் சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே முன்னிருந்து பின்னால் போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று கேட்கும். அரித்த இரும்பு 'தொத்' என்று அடங்கும். தேங்காயைத் தட்டி முற்றலா என்று சொல்லத் தெரிந்த காதுக்கு இது கஷ்டமே இல்லை. ஒலி மாறும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள், குத்த வேண்டாம். வண்டி இன்னும் அவருடையது.

11. எந்த இடங்களை விடக் கூடாது

பின்பட்டை மாட்டும் தொங்கலும் அதன் ஷேக்கிளும், ஷாக் அப்சார்பர் மேல் முனை, ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம், குறுக்குச் சட்டங்கள் நெடுஞ்சட்டத்தோடு சேரும் மூலைகள், டீசல் டேங்கைத் தாங்கும் பட்டைக்கு அடியில், பின்சக்கரத்துக்குப் பின்னால் சேறு அடிக்கும் பகுதி. பெட்டிச் சட்டமாக இருந்தால் வடிதுளை வழியே குழாய்க் கேமராவை விடுங்கள். சட்டம் வெளியே அரிப்பதைவிட உள்ளே அரிப்பதுதான் அதிகம்.

இரட்டைத் தகடு வைத்துத் தைத்த இடத்தில் இரண்டு தகடும் விலகி நடுவில் வீங்கியிருந்தால் கவனம். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் ஆறு மடங்கு வரை கூடும். அந்த விசை ரிவெட்டையே இழுத்துப் பிளக்கும்.

எவ்வளவு துரு ஆபத்து என்பதற்கு இரண்டு வெளிநாட்டு அளவுகோல்கள் உதவும். பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனையில் பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் மாட்டும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பலமான அரிப்பு இருந்தால் வண்டி தேறாது. சாக்பீஸ் வட்டங்களை அந்த அளவோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று அமெரிக்காவிலிருந்து. டகோமா, டன்ட்ரா, செக்கோயா ஆகிய ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளின் சேஸ் துருப்பிடித்த வழக்கில் டொயோட்டா 2016-ல் சமரசத்துக்கு வந்தது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று சொல்லப்பட்டது. குறிப்பிட்ட இடங்களில் 10 மில்லிமீட்டர் ஓட்டை விழுந்தாலே சேஸை மாற்றித் தருவது என்பது அதில் வைத்த கணக்கு. சுண்டுவிரல் நுனி அளவு ஓட்டைதான். "சின்ன ஓட்டைதானுங்க, ஒரு பிட்டு வெச்சு வெல்டு அடிச்சா போச்சு" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

12. புதுக் கறுப்பு

விற்பனைக்கு முந்தின வாரம் அடித்த அண்டர்கோட்டிங் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான். பழைய எஞ்சின் ஆயிலைத் துணியில் நனைத்துத் தடவியிருப்பதும் உண்டு. கறுப்பு பிரேக் குழாய் மேலும், ரப்பர் புஷ் மேலும், நட்டு மேலும் ஒரே மாதிரி படர்ந்திருந்தால் அவசரத்தில் அடித்தது. ஒரு மூலையில் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அடியில் செதில் செதிலாகத் துருவோடு சேர்ந்து உரிந்தால், மூடி மறைத்திருக்கிறார்கள். பழையதாக, சேறு படிந்து, ஆங்காங்கே சுரண்டலோடு இருக்கும் பூச்சுதான் நல்லது.

13. வெல்டிங் பிட்டு

அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார்களா, அரிப்பின் மேலேயே ஒட்டினார்களா? ஓரத்தைப் பார்த்தால் தெரியும். துரு மேல் வைத்த பிட்டு அடியில் ஈரத்தைச் சிறைவைக்கும். ஜி.ஐ. தகட்டை வெல்டு செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தால் அந்தத் தையலிலிருந்தே துரு தொடங்கும்.

14. மினி பஸ்ஸை மாற்றியதாக இருந்தால்

கரூரிலோ கோட்டயம் பக்கமோ பாடி கட்டிய பஸ்ஸில் சதுரக் குழாய்ச் சட்டம், அதன் மேல் தகடு. அலுமினியத் தகட்டை இரும்புக் குழாயில் ரிவெட் அடித்திருந்தால் நடுவில் ஈரம் சேரும்போது முதலில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ரிவெட் தலையைச் சுற்றி அந்த வெள்ளையைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் இரும்பும் அமைதியாக இருக்காது. தூணின் அடி தரைச் சட்டத்தோடு சேரும் ஓர் அடி உயரம்தான் முக்கியம். லக்கேஜ் டிக்கிக்குள் தலையை நுழைத்து அந்த இடங்களைத் தட்டிப் பாருங்கள். குழாயின் வாய் திறந்திருந்தால் கேமரா.

15. ஆம்னி, விங்கர் போன்றவற்றுக்குக் கணக்கு வேறு

இவற்றில் தனியாக ஏணி போன்ற சேஸ் இல்லை, உடம்பே சட்டம். ஆம்னி 1984 முதல் 2019 வரை வந்தது, அதனால் எல்லா வயதிலும் கிடைக்கும். கதவுக்கடியில் ஓடும் வாசல் விளிம்பு, சறுக்குக் கதவின் அடித்தண்டவாளம், முன் சக்கரக் குழியின் உட்சுவர் இவைதான் அதன் முதுகெலும்பு. ஜீப்பில் தரைத்தகடு ஓட்டையானால் தகடு மாற்றினால் போதும். ஆம்னியில் வாசல் விளிம்பு ஓட்டையானால் வண்டியின் பலமே போயிற்று.

16. காந்தம்

துணி சுற்றிய காந்தத்தைக் கதவடி, சக்கர வளைவு, பின்மூலை வழியே நகர்த்துங்கள். ஓரிடத்தில் பிடிப்பு தளர்ந்தால் அடியில் பள்ளத்தை நிரப்பிய பட்டி (புட்டி) கனமாக இருக்கிறது. அலுமினியம், பைபர் பகுதிகளில் காந்தம் ஒட்டவே ஒட்டாது, குழம்ப வேண்டாம்.

17. வெள்ளத்தில் மூழ்கியதா?

2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் மறுபடி சென்னை. வெள்ளத்தில் நின்ற வண்டிகள் ஏலத்தில் கைமாறி, சுத்தமாகி, தூரத்து ஊர்களில் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், கடைசி அரை அடியில் சேற்றுக் கறை இருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கம்பி முடிச்சுகள், சீட்டின் உள் ஸ்பிரிங்குகள், விளக்குக் கண்ணாடியின் உள்புறம் பாருங்கள். அடியில் துரு சகஜம். இடுப்பு உயரத்தில் உள்ள போல்ட்டுகளிலும் துரு என்றால் காரணம் கேளுங்கள்.

18. பிரேக் குழாய்

இரும்புப் பிரேக் குழாயைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மேலே மெல்லிய பழுப்பு பரவாயில்லை. தொட்டால் பொருக்கு உதிர்ந்தால் அந்த வண்டியைச் சோதனைக்குக்கூட ஓட்ட வேண்டாம்.

19. களத்தில் ஓர் அளவெடுப்பு

நம் பக்கத்து வீடுகளில் நெல்லும் தேங்காயும் காயப்போடும் சிமென்ட் களம் இருக்கிறதே, அதில் வண்டியை நிறுத்துங்கள். முன் இடது பட்டை போல்ட்டிலிருந்து நூல்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள்; இப்படி நான்கு மூலைக்கும். பிறகு வண்டியை நகர்த்திவிட்டு, குறுக்காக இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் அளவெடுப்பில் வரும். விரல் அகலத்துக்கு மேல் என்றால் சேஸ் கோணியிருக்கிறது.

அடுத்து களத்தை நனைத்து, நேராக மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பின்சக்கர ஈரத்தடம் முன்தடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு விலகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக விலகினால் பின் ஆக்சில் தன் இடத்தில் இல்லை. அது போல்ட் உடைந்ததாலும் இருக்கலாம், தொங்கல் அரித்ததாலும் இருக்கலாம். அடியில் பார்த்த வட்டங்களோடு சேர்த்து யோசியுங்கள்.

20. ஓட்டிப் பாருங்கள்

காலி டேங்கோடு வேண்டாம், தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள். வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி மெதுவாகப் போனால் உடம்பு முறுக்கும். அப்போது கதவு தானாக இறுகுகிறதா, அலமாரி மூலையில் முனகல் வருகிறதா, கண்ணாடிச் சட்டத்தில் சத்தமா என்று கவனியுங்கள். அதே நிலையில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். சரியாக மூடாத கதவு, தூணடி வலுவிழந்ததற்கு அடையாளம்.

21. சேஸ் நம்பரும் காகிதமும்

சேஸில் குத்திய எண் துருவில் கரைந்து படிக்க முடியாமல் போயிருந்தால் பெயர் மாற்றம் சிக்கலாகும். தேய்த்துப் புதிதாகக் குத்தியதுபோல் இருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

வீட்டு வேனாக மாற்றியதை ஆர்.சி.யில் பதிந்திருக்கிறார்களா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவின்படி வண்டியின் அமைப்பை மாற்ற அனுமதி வேண்டும், கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரமும் உண்டு. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் அனுமதியில்லாமல் மாற்றிய ஒரு டிராவலரை மோட்டார் வாகனத் துறை பிடித்து வைத்தது கேரளம் முழுக்கப் பேசப்பட்டது. அனுமதியில்லாத மாற்றத்தில், பலம் தரும் குறுக்குச் சட்டத்தை அறுத்துவிட்டுக் கட்டில் வைத்திருக்கவும் கூடும், அதனால் இது காகித விஷயம் மட்டுமல்ல. தமிழ்நாட்டு வண்டி என்றால் என்.ஓ.சி. வாங்கிக் கேரள வரி கட்டிப் பதிய வேண்டும். 15 ஆண்டு முடியும் சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் சோதனை இருக்கிறது. சேஸ் துரு அப்போதும் எதிரே வரும். பரிவாகன் தளத்தில் இன்சூரன்ஸ், தகுதிச் சான்று, எத்தனையாவது உரிமையாளர் எல்லாம் தெரியும். துருவுக்கு இன்சூரன்ஸ் பணம் வராது, அது தேய்மானக் கணக்கில் போகும்.

22. எதற்குப் பேரம், எதற்கு வணக்கம்

துடைத்தால் போகும் மேல்துரு: கவலை வேண்டாம். சுரண்டினால் பொருக்காக உரிந்து, அடியில் திடமான இரும்பு தெரிவது: விலையைக் குறைக்கக் கேட்கலாம். வாங்குமுன் நீங்களே ஒரு டிங்கரிங் பட்டறையில் காட்டி, எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பலகை கழற்றித் திரும்ப மாட்டும் கூலி தகட்டு வேலையைவிட அதிகமாகவே வரும், அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்குவது, அதுவும் பட்டைத் தொங்கலிலோ ஸ்டியரிங் பாக்ஸ் பக்கத்திலோ சீட் பெல்ட் அடியிலோ என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் கட்டிலும் பிரிட்ஜும் மனதை இழுக்கும். அவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ள முடியும்.

23. வாங்கிய பிறகு முதல் மாதம்

கூரை ஓட்டைகளின் பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, வெயில் தாங்கும் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள்; பழையதன் மேல் பூசினால் பிடிக்காது. எல்லா வடிதுளைகளையும் கம்பியால் குத்தித் திறவுங்கள். அடிப்பகுதியைக் கழுவி, நம் பங்குனி, சித்திரை வெயிலில் நன்றாக உலர விடுங்கள். பொருக்கைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவி, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பூச்சு. ரெட் ஆக்சைடு மட்டும் போதாது. பெட்டிச் சட்டத்துக்குள் மெழுகுப் பூச்சை நீண்ட குழாய் வழியே பீய்ச்சச் சொல்லுங்கள். சூடான நாளில் செய்தால் மெழுகு இளகி மூலை வரை ஓடும்.

நிறுத்துமிடம் சிமென்ட் தரையாக இருக்கட்டும். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், ஈர மண்ணில், தென்னை ஓலை மட்கும் இடத்தில் வேண்டாம். பிளாஸ்டிக் தார்ப்பாயால் உடம்போடு ஒட்ட மூடினால் உள்ளே வேர்க்கும்; மேலே தகரக் கூரை போதும், நான்கு பக்கமும் காற்று ஓடட்டும். தூங்கும்போதும் சமைக்கும்போதும் கூரை மூடியை ஒரு விரலளவு திறந்து வையுங்கள். மூச்சு முட்டாமல் இருப்பதற்கும் இது கட்டாயம்.